செருப்போடு ஏறும் வீடு

குன்சானை ஒரே பகலில் சுற்றிக் காட்டும் பேருந்துக்கு நான் ஓட்டுநர். சே யோங்நான் வழிகாட்டி. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுவேன். காலையில் ரயில் நிலையத்தில் ஆட்களை ஏற்றுவோம். பழைய சுங்க அலுவலகம், அரிசி கப்பலேறிய துறை, ஜப்பானியர் கட்டிவிட்டுப் போன கோயில், மதியம் நண்டுச் சாப்பாடு, கடைசியாக மியாசே வீடு. மாலையில் மறுபடியும் ரயில் நிலையம். பத்து வருடத்துக்கு மேலாக இந்த வட்டத்தைத்தான் சுற்றிக்கொண்டிருக்கிறோம். எந்தத் திருப்பத்தில் அக்கா மூச்சு வாங்குவாள், எங்கே ஒலிபெருக்கியைக் கை மாற்றுவாள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

அவளிடம் இரண்டு பயணங்கள் இருந்தன. நம்மவர்கள் வரும் நாளுக்கு ஒன்று, ஜப்பானியர் வரும் நாளுக்கு ஒன்று. இடங்கள் அதேதான். சொல்வது வேறு.

மியாசே என்பவன் ஜப்பான் எங்கள் நாட்டை ஆண்ட காலத்து ஜப்பானிய நிலக்கிழார். அவன் வயலில் உழுதவர்கள் அறுவடை முடிந்ததும் நெல்லை அளந்து கொடுக்க அந்த வீட்டு முற்றத்துக்கு வருவார்கள். முறை வரும்வரை மண்டியிட்டுக் காத்திருக்க வேண்டும். வீட்டு வாசலில் நீளமான கல் ஒன்று கிடக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறுவதற்கான கல். குடியானவர்களில் ஒருவரும் அந்தக் கல்லைத் தாண்டியதில்லை. அக்காவின் தாத்தாவும் அங்கே மண்டியிட்டவர். இது பயணிகளுக்காகக் கட்டிய கதை இல்லை. அவளுடைய அப்பா குடித்துவிட்டு அழும்போதெல்லாம் சொன்னது.

நம்மவர்கள் வரும் நாளில் அவள் இதைச் சொல்வாள். ஜப்பானியர் வரும் நாளில் முற்றத்துப் பைன் மரத்தைப் பற்றிச் சொல்வாள். ஆணி அடிக்காமல் உத்தரங்களைப் பொருத்தியிருக்கும் விதத்தைச் சொல்வாள். தாத்தா அதில் வரமாட்டார்.

செருப்பு விஷயம் தானாக ஆரம்பித்தது. ஒரு பனிக்காலத்தில், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் அந்தக் கல்லின்மேல் நின்றுகொண்டு கழற்றமாட்டேன் என்றார். "இவன் வீட்டுக்கா நான் செருப்பக் கழட்டணும்?" கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். அவர் செருப்போடு, அறைத் தரை முழுக்கப் பதித்திருக்கும் கோரைப் பாயின்மேல் ஏறி நடந்தார். எங்கள் ஊரில் வீட்டுக்குள் செருப்போடு ஏறத் திருடன்கூட யோசிப்பான். அதனால்தான் அது அவ்வளவு பிடித்துப்போயிற்று. விஷயம் பரவியது. அடுத்தடுத்து வந்தவர்கள் அதையே கேட்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர் ஜியோன்ஜுவில் இருக்கும் கருவாட்டு வியாபாரி. அவருக்கும் குஷி. பயணிகள் செருப்போடு பாயில் நின்று கட்டைவிரலைத் தூக்கும் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாசலில் மாட்டிவிட்டார். ஜப்பானியர் வரும் நாளில் அக்கா அந்தப் பலகையைத் திருப்பி வைப்பாள். மறுபக்கம் பைன் மரம்.

நம்மவர்கள் வந்துபோன மாலைகளில் அவள் ஈரத்துணியால் பாய்களைத் துடைப்பாள். கோரையின் இழை போகும் திசையிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் பாழ். மறுநாள் ஜப்பானியர்கள் காலுறையோடு நடப்பார்கள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன்.

"யாருக்காகத் தொடைக்கிறேன்னு எனக்கே தெரியல தம்பி" என்பாள். பிறகு துடைப்பாள்.

இருபது வயதில் ஜப்பானில் ஒசாகாவுக்குப் போய், அத்தையின் இறைச்சிக் கடையில் பாத்திரம் கழுவியவள் அவள். அங்கே கற்றது சமையலறை மொழி. வழிகாட்டித் தேர்வுக்காக அதைத் தேய்த்துத் தேய்த்து மரியாதை மொழியாக்கிக்கொண்டாள். கணவன் காப்பீட்டு முகவர். இன்னொருத்தியோடு இஞ்சியோனுக்குப் போய்விட்டான். மிஞ்சியது ஒரு மகள், யேசோல்.

யேசோலுக்கு ஊரைவிட்டுப் போக வேண்டும். சிறுவயதிலிருந்தே அது ஒன்றுதான். "இந்த ஊர்ல மூச்சு விட்டாக்கூடப் பக்கத்துல ஒரு விளக்கப் பலகை நட்டுருவாங்கம்மா" என்பாள். கப்பல் இயந்திரம் பொருத்த வந்த ஜப்பானியப் பையன் தொமொனாரியோடு பழகினாள். அவன் யோனாகோ ஊர்க்காரன். திரும்பிப் போகும்போது இவளையும் கூட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு குடும்பங்களும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று முடிவாயிற்று.

பையனின் அப்பா குவாஹாரா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் முன்னதாகவே வந்து, யேசோலின் தாயார் நடத்தும் பயணத்தில் மனைவியோடு கலந்துகொள்வதுதான் மரியாதை என்று சொல்லி அனுப்பினார்.

"அம்மா, ஜப்பான்காரங்களுக்குச் சொல்ற மாதிரியே சொல்லிடு. ஒரே நாள்தான்" என்றாள் யேசோல்.

"வேற என்ன சொல்லப்போறேன்" என்றாள் அக்கா.

அந்தச் சனிக்கிழமை ஜப்பானியர் பேருந்துக்கு ஆள் சேரவில்லை. கோச்சாங் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாதர் சங்கத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். இருவரையும் அவர்களோடு ஏற்றிவிடுங்கள் என்றது எங்கள் நிறுவனம். இரண்டு மொழியும் தெரிந்த வழிகாட்டி இருக்கும்போது இரண்டு வண்டி எதற்கு?

பேருந்தில் ஏறும்போது அக்காவின் முகத்தைப் பார்த்தேன். மாவு பூசினாற்போல் இருந்தது.

"சொல்லிடுங்களேன் அக்கா, சம்பந்தி வீட்டுக்காரங்கன்னு. அந்தம்மாங்க புரிஞ்சுக்குவாங்க."

"செருப்போட ஏறணும்னு வந்திருக்காங்க தம்பி. அவங்ககிட்ட இதச் சொன்னா, அப்புறம் நான் வாயத் தொறந்து சொல்ற ஒவ்வொரு வார்த்தைக்கும் இதுதான் காரணம்பாங்க."

மாதர் சங்கத் தலைவி ஹாம் பில்னியோ. வாட்டசாட்டமான பெண்மணி. சாக்கு நிறைய அவித்த முட்டையும் அரிசிக் கொழுக்கட்டையும் கொண்டுவந்திருந்தாள். முன் இருக்கையில் குறுகி உட்கார்ந்திருந்த தம்பதியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"யாருடீ இவங்க?"

"ஜப்பான்லேர்ந்து வந்திருக்காங்க. இன்னைக்கு நம்மகூட வர்றாங்க" என்றாள் அக்கா.

"அய்யோ, மனுஷன் காத்துல பறந்துருவாரு போல இருக்காரே. முட்டையக் குடுங்கடீ."

குவாஹாராவின் மனைவி இரண்டு கையாலும் முட்டையை வாங்கி வணங்கினாள். அவள் வணங்கியது பின்னால் இருந்தவளுக்குப் பிடித்துப்போய் இன்னொரு முட்டை கொடுத்தாள். மறுபடி வணக்கம். துறைமுகம் வருவதற்குள் அந்த அம்மாளின் மடி நிறைய முட்டை. கணவர் மெல்ல உரித்துத் தின்றுகொண்டே வந்தார். வேண்டாம் என்று சொல்ல இருவருக்கும் வழி தெரியவில்லை.

துறையில் இறங்கியதும் அக்கா முதலில் நம் மொழியில் சொன்னாள். எங்கிருந்தெல்லாம் அரிசி வந்தது, அதை அறுத்தவர்கள் என்ன தின்றார்கள், எத்தனை கப்பல் போயிற்று. பெண்கள் பல்லைக் கடித்தபடி கேட்டார்கள். பிறகு குவாஹாராவின் பக்கம் திரும்பி ஜப்பானிய மொழியில் சொன்னாள். அலை ஏறி இறங்குவதற்கு ஏற்ப உயர்ந்து தாழும் மிதவைப் பாலம் இது என்று மட்டும்.

"அவ்வளவுதானா?" என்றாள் ஹாம். "எங்களுக்கு ஒரு மூட்டை, அவங்களுக்கு ஒரு பிடியா?"

"அவங்க மொழில சுருக்கமாச் சொல்லிடலாம்."

"அடேங்கப்பா! அப்ப எங்க வீட்டுக்காரருக்கு அந்த மொழியக் கத்துக்குடு. சோறு வேணும்னு கேக்கவே அரை மணி நேரம் ஆக்குறாரு."

எல்லோரும் சிரித்தார்கள். என்ன நகைச்சுவை என்று தெரியாமல் குவாஹாராவும் சிரித்தார்.

நண்டுக் கடையில் ஹாம் அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கைடம்மா, பிள்ளைங்க எத்தனை?"

"ஒரே பொண்ணு."

"கட்டிக் குடுத்தாச்சா?"

"பேசிட்டிருக்கோம்."

"மாப்பிள்ளை எந்த ஊரு?"

அக்கா நண்டின் காலை உடைத்தாள். "கடலுக்கு அந்தப் பக்கம்."

"நம்ம ஜேஜு தீவா? சூறைக்காத்து அடிக்கிற ஊராச்சே. பொண்ணுக்குக் கனமான பாவாடையா எடுத்துக் குடு."

அக்கா தலையை ஆட்டினாள். அடுத்த மேசையில் அந்த இருவரும் நண்டின் ஓட்டுக்குள் சோற்றைப் போட்டுப் பிசைவது எப்படி என்று ஒரு கிராமத்துக்காரியிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மியாசே வீட்டு வாசலில் பலகையைப் பார்த்து, "எந்தப் பக்கம் வைக்கட்டும்?" என்று கேட்டேன். செருப்புப் படம் வெளியே தெரிந்தது.

"இந்தம்மாங்க எதிர்லயா திருப்புவே? கிடக்கட்டும் விடு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "பாய் புதுசாப் போட்டிருக்குன்னு சொல்லி எல்லாரையும் கழட்ட வெச்சிடறேன். இன்னைக்கு மட்டும்."

ஆனால் பெண்கள் முற்றத்துக்குள் வந்ததுமே பரபரத்தார்கள். ஹாம் போன வருடமும் வந்தவள். தங்கச்சிக்குக் காட்ட வேண்டும் என்றுதான் கூட்டத்தையே திரட்டியிருந்தாள். "இந்த ஷூவே இதுக்காகத்தான் வாங்கினேன், பாரு" என்று காலைத் தூக்கிக் காட்டினாள். அப்புறம் அவளுக்கே ஏதோ தோன்றி, அக்காவின் காதோடு சொன்னாள். "ஏம்மா, அந்த ரெண்டு பேரும் தோட்டத்தப் பாக்கட்டும். நாம போய் ஒரு மிதி மிதிச்சிட்டு வந்துருவோம். பாவம், நல்ல மனுஷங்க. அவங்க எதிர்ல வேணாம்."

எனக்கு அது நல்ல வழியாகத்தான் பட்டது. அக்காவும் சரி என்பதுபோல் தலையசைத்தாள். தம்பதியை மரத்தடிக்குக் கூட்டிப்போய் ஜப்பானிய மொழியில் மரத்தின் வயது, கிளையை வளைத்த விதம், எல்லாம் சொன்னாள். இங்கேயே இருங்கள் என்றும் சொல்லியிருப்பாள். சொல்லிவிட்டு வீட்டை நோக்கி நடந்தாள். கல்லின்மேல் நின்றாள். இரண்டு கால்களும் செருப்பிலிருந்து வெளியே வந்தன. குனிந்து அவற்றை ஜப்பானியர் வழக்கப்படி வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள். காலுறையோடு உள்ளே ஏறிவிட்டாள்.

வாயில் எந்த மொழி இருந்ததோ அந்த மொழிக்குப் பழகிய கால்கள். ஏறிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள்.

முற்றத்தில் எல்லோரும் அந்தச் செருப்பு ஜோடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கைடம்மா?" என்றாள் ஹாம். "போன வருஷம் நீதானே மொதல்ல செருப்போட ஏறினே. தாத்தா மண்டிபோட்ட எடம்னு சொல்லி எங்கள அழ வெச்சே. இப்ப அவங்க பாக்கறாங்கன்னதும் கழட்டி, ஜோடி சேத்து வேற வெக்கிறியே."

"பாய் புதுசு..."

ஹாம் எட்டிப் பாயைத் தடவினாள். "இதுவா புதுசு? என் கல்யாணப் பாயே இதவிடப் புதுசா இருக்கும்."

அந்த நேரத்தில்தான் குவாஹாரா வந்தார். மரத்தடியில் நிற்காமல், எல்லோரும் வாசலில் கூடி நிற்பதைப் பார்த்து அவரும் வந்திருக்கிறார். வழியில் பலகையை நின்று பார்த்தார். படத்தில் எல்லோரும் செருப்போடு பாயில் நின்று சிரிக்கிறார்கள். பிறகு பெண்களின் கால்களைப் பார்த்தார். எல்லோரும் செருப்போடு. மனைவியிடம் ஏதோ சொன்னார். அந்த அம்மாள் கழற்றிய ஒரு செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

இருவரும் செருப்போடு கல்லில் ஏறி, செருப்போடு பாயில் ஏறினார்கள்.

இந்த வீட்டில் இப்படித்தான் வழக்கம் போலிருக்கிறது, வந்த இடத்தில் அவர்கள் வழக்கப்படி நடப்போம் என்று நினைத்திருக்கிறார். அவர் முகம் வெளுத்துவிட்டது. கொதிக்கும் தண்ணீரில் கால் வைப்பவர்போல ஒவ்வொரு அடியாக வைத்தார். அப்போதும் பாயின் கரைத்துணியை மிதிக்காமல் தாண்டித் தாண்டி நடந்தார். அவர்கள் வீடுகளில் கரையை மிதிக்கமாட்டார்கள்.

யாரோ ஒருத்தி சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள்.

நடு அறைக்குப் போய்த் திரும்பி நின்று, அவர் அக்காவிடம் கேட்டார். இத்தனை வருடத்தில் எனக்கும் அந்த மொழி கொஞ்சம் புரியும். இப்படித்தானா, தவறாக இருந்தால் மன்னிக்க வேண்டும், என்றார்.

"என்ன கேக்கறாரு?" என்றாள் ஹாம்.

"இப்படித்தான் ஏறணுமான்னு கேக்கறார்."

"சொல்லேன். ஏன்னு சொல்லு. மனுஷன் ஒண்ணும் தெரியாம நிக்கறாரு பாரு."

ஆமாம், இதுதான் வழக்கம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அக்காவுக்கு முன்னால் அவர், பின்னால் கல்லின்மேல் இத்தனை பெண்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சொன்னாள். நெல்லும் முற்றமும் கல்லும். தாத்தா என்ற சொல்லை ஜப்பானிய மொழியில் அவள் சொல்லி நான் கேட்டது அன்றுதான் முதல் தடவை. நடுவில் அவள் குரல் வழிகாட்டியின் குரலாக இல்லாமல் போய்விட்டது.

குவாஹாரா கடைசிவரை கேட்டார். அப்புறம் முற்றத்தில் இறங்கி, தாத்தா மண்டியிட்டது எந்த இடம் என்று கேட்டார். எந்த இடம் என்று யாருக்குத் தெரியும்? அக்கா பொதுவாகக் கையைக் காட்டினாள். அந்தத் திசையில் இருவரும் இடுப்பு மடிய வணங்கினார்கள். நிமிரவே இல்லை.

"அய்யோ, இவரு எதுக்கு?" என்று ஹாம் பதறினாள். "இவரா நெல்லு அளந்து வாங்கினாரு? நிமிரச் சொல்லும்மா, இடுப்பு புடிச்சிக்கும்."

அன்று ஒருத்தியும் அந்த வீட்டுக்குள் ஏறவில்லை. பேருந்தில் பாட்டுப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள். ரயில் நிலையத்தில் இறங்கும்போது ஹாம் அக்காவின் தோளைத் தட்டினாள். "மிதிக்கலாம்னு ஆசையா வந்தேன். நல்லா மிதிக்க வெச்சே போ."

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு என்னையும் வரச்சொல்லியிருந்தாள். பெண் வீட்டுப் பக்கம் ஆண்பிள்ளை ஒருத்தர் வேண்டும், மாமா முறையில் உட்கார்ந்தால் போதும் என்று. கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு போனேன்.

தரையில் உட்கார்ந்து சாப்பிடும் அறை. கதவுக்கு எதிர்ப்பக்கம் உள்ளது மரியாதையான இடம். அங்கே உட்காருங்கள் என்று அக்கா குவாஹாராவிடம் சொன்னாள். அவர் மறுத்து அவளை உட்காரச் சொன்னார். அவள் மறுத்தாள். இருவரும் கதவோரத்துக்கே நகர்ந்தார்கள். பரிமாற வந்த பெண் தட்டுகளோடு காத்து நின்றாள். யேசோல் என் முதுகைப் பிடித்துத் தள்ளினாள். மரியாதையான இடத்தில் கடைசியில் பேருந்து ஓட்டுநர் உட்கார்ந்தேன்.

குவாஹாரா கதவோரத்தில் காலை மடித்து அமர்ந்து பேச ஆரம்பித்தார். கல்யாணத்தை யோனாகோவில் வைப்பதாகச் சொன்னோம், அது எங்கள் அறியாமை, இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றாள் அக்கா.

இல்லை, இங்கேதான் முறை என்றார். அக்கா மறுபடி மறுத்தாள். அவர் இன்னும் இறங்கினார். ஒரே மகளைக் கடல் கடந்து கூட்டிப்போவது சரியில்லை. தொமொனாரி குன்சானிலேயே வேலை தேடிக்கொள்ளட்டும், தாயாரோடு இருக்கட்டும். பையன் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தான். இது அவனுக்கும் புதிய செய்தி.

"அம்மா, வேண்டாம்னு சொல்லு" என்றாள் யேசோல் நம் மொழியில், சிரித்த முகம் மாறாமல்.

"சொல்லிட்டுதானே இருக்கேன்."

"நல்லாச் சொல்லு."

அக்கா மறுபடி சொன்னாள். வேண்டாம் என்பது அவர்கள் மொழியிலும் நம் மொழியிலும் மரியாதை. மூன்று தடவை வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் எதையும் வாங்கிக்கொள்வார்கள். எனவே அவள் மறுக்க மறுக்க, பெரிய மனசு என்று எண்ணி அவர் மேலும் கொடுத்துக்கொண்டே போனார். பேரப்பிள்ளைகளுக்கு நீங்களே பெயர் வையுங்கள் என்றார். யேசோலின் காது சிவந்துவிட்டது.

அக்கா தட்டைத் தள்ளினாள்.

"போதும், நிறுத்துய்யா! வாய மூடிட்டுச் சாப்பிடு!"

ஒசாகா சமையலறை மொழி. நாற்பது வருடத்துக்கு முன்னால் பாத்திரத் தொட்டியில் கற்றது. குவாஹாரா தலை குனிந்தார். சரி என்றார். குச்சிகளை எடுத்தார். சாப்பிடத் தொடங்கினார். முன்னால் வைத்த எல்லாவற்றையும், தொட்டுக்கொள்ளும் ஊறுகாய்வரை, நிமிராமல் தின்று முடித்தார். அது அவருக்குக் கட்டளை ஆகிவிட்டது. அக்கா கையைப் பிசைந்துகொண்டு அதைப் பார்த்தபடி இருந்தாள்.

நடைவழியில் யேசோல் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்தனை வருஷமா ஒரு ஜப்பான்காரன்கிட்டயும் சொல்லல. என் மாமனார்கிட்டத்தான் சொல்லணுமா?"

"கேட்டார். சொன்னேன்."

"பொய் சொல்லியிருக்கலாமே."

"பொய் சொல்லியிருந்தா?"

"எல்லாரும் மேசையச் சுத்தி உக்காந்திருப்போம்மா. அவ்வளவுதான் நான் கேட்டது."

பையன் அப்பாவிடம் என்ன சொன்னானோ, இலையுதிர் காலத்தில் யோனாகோவிலேயே கல்யாணம் நடந்தது. யேசோல் போய்விட்டாள். அம்மாவிடம் பேசுவாள், குறைவாக. அக்கா வண்டியில் இருக்கிறாள். செருப்போடு ஏறுவதை நிறுத்திவிடலாம் என்று நிறுவனத்திடம் ஒரு தடவை கேட்டாள். நிறுத்தினால் ஆள் வராது என்றார்கள். பாயைத் துடைக்கும் வேலையும் நிற்கவில்லை.

மாதம் ஒரு தடவை குவாஹாரா தொலைபேசியில் கூப்பிடுகிறார். பெரும்பாலும் துறையில் வண்டியை நிறுத்தியிருக்கும்போது. திரையில் பெயரைப் பார்த்ததும் அக்கா இருக்கையிலிருந்து எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வாள். உடம்பு எப்படி, குளிர் எப்படி, மகள் நலம். அதற்கு மேல் ஒன்றும் இருக்காது.

"உக்காந்து பேசுங்கக்கா. அவர் என்ன பாத்துக்கிட்டா இருக்கார்?" என்றேன் ஒரு தடவை.

அவள் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள். "அவர் அங்க நின்னுக்கிட்டுதான் பேசறாராம். யேசோல் சொன்னா."

பேச்சு முடிந்த பிறகும் அவர் முதலில் வைக்கமாட்டார். அவர் வைக்காமல் இவளும் வைப்பதில்லை. பயணிகள் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் வண்டியைக் கிளப்புகிறேன். ஒரு கையால் கம்பியையும் மறு கையால் தொலைபேசியையும் பிடித்தபடி அவள் நின்றுகொண்டே வருகிறாள்.